கால அமுக்கிட்டுக் கணக்குக் கேக்காத மருமவனே!

மயிலாப்பூர்ல இருந்து தி.நகர் போய்ச் சேரதுக்குள்ள எத்தன தடவ சொல்லிட்ட, "மிதிச்சா வண்டி யோசிக்குது மாமா, டர்போ லேக்"னு! யோசிக்கட்டுமேய்யா. ஒரு வீட்டுல ஒருத்தராவது யோசிச்சுச் செய்யணும்லா?

புது வண்டியக் குறை சொல்லுததுக்கு முன்னால, என்னத்த வாங்கிருக்கன்னு தெரிஞ்சுக்க. ஒரு லிட்டர் எஞ்சின், மூணே சிலிண்டர். இத்துனூண்டு எஞ்சின எதுக்கு வச்சான்? எடத்த அடைக்காதுன்னு மட்டுமா? வரிக்கும் பயந்துதான். நாலு மீட்டர் நீளத்துக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள இருந்தா ஜி.எஸ்.டி 18 சதவீதம், தாண்டுனா 40. 2025 செப்டம்பர் 22-ல இருந்து இதான் கணக்கு. எஞ்சினச் சின்னதா வச்சான், கொறஞ்ச பலத்துக்கு டர்போவ மாட்டுனான். மிச்சம் பிடிச்ச பணத்த நெனச்சு ரெண்டு நொடி பொறுக்கக் கூடாதாக்கும்?

நான் லாரிக்காரன், இங்கிலீசு தெரியாது. ஆனா டர்போ தெரியும். ஒரு தண்டு, ரெண்டு முனையிலயும் ரெண்டு சக்கரம். ஒண்ண, எஞ்சின் வெளிய தள்ளுத சூட்டுப்புகை சுத்தும். அது சுத்துனா அடுத்த சக்கரம் வெளிக்காத்த இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள்ள திணிக்கும். காத்து கூடுனா பெட்ரோலையும் கூட எரிக்கலாம், பலமும் கூடும். இந்தத் திணிப்புக்குத்தான் பூஸ்ட்டுன்னு பேரு. அமுக்குன காத்து சூடாயிரும்னு, நடுவுல இண்டர்கூலர வச்சு ஆத்தி அனுப்புதான். அழுத்தம் மீறுனா வேஸ்ட்கேட்டுன்னு ஒரு கதவு தொறந்து, புகையச் சக்கரத்துல படாமத் திருப்பி விட்டுரும்.

நம்மூர்க் கொல்லன் பட்டறையில துருத்தி ஊத ஒரு ஆளு உண்டு. இதுல ஆளு கெடையாது, உலைத்தீயே துருத்திய ஊதிக்கிடணும். தீ பெருசானாத்தான் துருத்தி ஊதும், துருத்தி ஊதுனாத்தான் தீ பெருசாவும். மொத ஊது பிடிக்க நேரம் ஆவாதா? நீ திட்டுதது அந்த நேரத்தத்தான்.

இதுல ரெண்டு சங்கதிய ஒண்ணாப் போட்டுக் கொழப்புத. எஞ்சின் சுத்து கொறவா இருந்தா, சக்கரத்தத் தள்ளுத அளவுக்குப் புகையே கெடையாது. அப்போ நீ என்ன மிதிச்சாலும் உருப்படியா பூஸ்ட்டு வராது. சுத்து போதுமான அளவு இருந்தும், மிதிச்ச பெறகு சக்கரம் வேகம் எடுக்கவும், குழாயும் இண்டர்கூலரும் அழுத்தக் காத்தால நெறையவும் ஆவுத தாமதம் இருக்கு பாரு, அதான் நெசமான லேக். மொதலாவது ஓட்டுதவன் குத்தம். ரெண்டாவது சக்கரத்தோட கனம்.

ஜி.என். செட்டி ரோடு மேம்பாலத்துல பாத்தனே ஒன் சாமர்த்தியத்த! இருவது கிலோமீட்டர் வேகம், போட்டிருக்கது மூணாவது கியர், எஞ்சின் சுத்து காட்டுத முள்ளு ஆயிரத்த ஒட்டி நிக்கி. காலத் தரையோட அமுக்குன. வண்டி முக்குச்சு. ஒரு ஆட்டோ, ஆச்சியையும் அரிசி மூட்டையையும் ஏத்திக்கிட்டு நம்மளத் தாண்டிப் போச்சு. அப்புறம் முள்ளு ரெண்டாயிரத்துக்கு ஏறுச்சு, வண்டி பாஞ்சுது, முன்னால மாநகரப் பஸ்சோட முதுகு. அடிச்ச பாரு ஒரு பிரேக்கு, எம் மடியில இருந்த வெத்தலப் பொட்டி டேஷ்போர்டுல போய் மோதுச்சு. ரெண்டாவது கியருக்கு எறக்கியிருந்தா அதே வேகத்துல முள்ளு ஆயிரத்தி ஐநூறத் தொட்டிருக்கும். ஆனா கியர் மாத்துனா ஒன் கௌரவம் கொறஞ்சிரும், என்ன?

கவலப்படாத, ஒனக்குத் துணைக்குப் பெரிய ஆளுக உண்டு. சுவிட்சர்லாந்துக்கார ஆல்ஃபிரட் பியூஷி இந்த டர்போ யோசனைக்குக் காப்புரிமை வாங்குனது 1905-ல. அமெரிக்காவுல ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்னு டர்போ கார் வந்தது 1962-ல. அதுக்குத் தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்த அப்பப்போ ஊத்தணும். வாங்குன மவராசங்க பலபேரு ஊத்த மறந்துட்டு, வண்டி இழுக்கலன்னு புலம்புனாங்க. ரெனோக்காரன் 1977-ல சில்வர்ஸ்டோன் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு டர்போ வண்டியக் கொண்டு போனான். அது புகை கக்கி நிக்கதப் பாத்து, மஞ்ச டீப்பாட்டுன்னு கேலி பேசுனாங்க. அவன் அழுதுகிட்டு இருக்கல. ஒரு பெரிய டர்போவ எடுத்துட்டு ரெண்டு சின்ன டர்போவ மாட்டுனான். சின்னச் சக்கரம் சுருக்காச் சுத்தும்லா? 1979-ல டிஜோன் பந்தயத்துல ஜெயிச்சுட்டான்.

ஒன் வண்டியிலயும் அந்தச் சின்னச் சக்கரந்தான். எம்புட்டு வேகமாச் சுத்தும்னு கேக்கியா? 2013-ல மறைமலைநகர்ல இருந்து வந்துச்சே ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட், அதோட ஒரு லிட்டர் எஞ்சின் டர்போ நிமிசத்துக்கு 2,48,000 சுத்து வரைக்கும் போவும். ஒனக்கு இன்னும் நம்பிக்கை வரலன்னா, அடையாறத் தாண்டி ஓ.எம்.ஆர்ல தெக்க போ. பையனூர்ல டர்போ எனர்ஜிக்காரங்க டர்போ செய்யுத தொழிற்சாலையே இருக்கு.

சரி, லேக்க இன்னும் கூட்டணும்னு ஆசையிருந்தா வழி சொல்லுதேன். பனகல் பார்க்கு, லஸ் பக்கம் மெட்ரோ வேலைத் தூசியெல்லாம் ஏர் ஃபில்டர்ல சேந்து கெடக்கட்டும், மாத்தாத. குழாய்க் கிளிப்பு தளந்து உஸ்ஸுன்னு சத்தம் வந்தா பாட்டப் போட்டு மறைச்சிரு. கத்திரி வெயில்ல உஸ்மான் ரோடு நெரிசல்ல ஏசிய முழுசா வச்சிக்கிட்டு நில்லு. காத்தோட்டம் இல்லாம இண்டர்கூலரே கொதிச்சுப் போவும், எஞ்சின் கம்ப்யூட்டரு தன்னால பலத்தக் கொறைக்கும். அப்புறம் கம்பெனிக்காரன நிம்மதியாத் திட்டலாம்.

வண்டி நெலைக்கணும்னா வேற. அந்தத் தண்டு எண்ணெய்ப் படலத்து மேல மெதக்குது. சொன்ன நாளுக்குச் சொன்ன ஆயில மாத்து. ஈ.சி.ஆர்ல வெரட்டிட்டு வந்த ஒடனே சாவியத் திருப்பாத. எண்ணெய் ஓட்டம் நின்னுரும், தண்டுல உள்ள சூடு நிக்காது, எண்ணெய் கருகிப் பிடிக்கும். ஒரு நிமிசம் சும்மா ஓடவிட்டு அணை. திருவான்மியூர் சிக்னல் அந்த நிமிசத்த ஒனக்கு இனாமாவே குடுத்துரும்.

மத்தபடி லேக்குங்கது பாதி வண்டியில, பாதி ஒன் கால்ல. வண்டியில உள்ள பாதிய எஞ்சினியருங்க வருசா வருசம் கொறைச்சுக்கிட்டே வாராங்க. கால்ல உள்ள பாதிக்கு மருந்து இதான்: முள்ளு 1500-க்குக் கீழ நிக்கும்போது மிதிக்காத, கியர எறக்கு.