மரப்படகுப் பொம்மையின் மேற்பூச்சு: ஒரு சாஸ்திரீய விசாரணை

கடலை விட்டு வெகுதூரம் விலகி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமர்ந்திருக்கும் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும், ஒரு முழ நீள மரப்படகுப் பொம்மைக்குப் பிசின் பூசும் வித்தைக்கும் என்ன சம்பந்தம் என்று ஆக்ஷேபிப்பவர்கள், வடபத்ரசாயி என்னும் திருநாமத்தை ஒருமுறை நிதானமாக உச்சரித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பிரளய ஜலத்தின் மேல் ஆலிலையில் பள்ளிகொண்ட பெருமான் எழுந்தருளியிருக்கும் ஊருக்குக் கலங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல யோக்கியதை இல்லையென்றால், தூத்துக்குடிக்கு மட்டும் அது எங்கிருந்து வந்தது? அவ்விலைக்கு யாரும் எதையும் பூசியதாகப் பிரமாணம் இல்லை. பூசவேண்டிய அவசியமும் இல்லை. இலையின் தோலுக்கு இயற்கையே மெழுகுப் படலம் ஒன்றை இட்டு அனுப்பியிருக்கிறது.

அறுத்த மரத்துக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. தன் நாளங்களின் வழியே அது நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆகையால் தோணி கட்டுவோர் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினார்கள். கருங்குங்கிலியம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கிடைப்பதாகையால், கடலோடிகள் மலைநாட்டாருக்குக் கடன்பட்டவர்கள் என்பது தானே சித்திக்கும். தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கிய நாயனாரையும் இவ்விடத்தில் சாட்சிக்கு அழைக்கலாம். ஆனால் அவர் வாங்கியது தூபத்துக்கு என்பதால் அந்தச் சபலத்தை அடக்கிக்கொள்கிறோம்.

இனி ராஜபாளையத்தின் கட்சி. குங்கிலியத்தின் ஸ்தானத்தில் இப்போது எபாக்சி வந்துவிட்டது. அதனோடு கண்ணாடி இழைத் துணியைப் படகின் அடிப்புறத்தில் போர்த்துவது பெரிய படகுக்காரர்களின் சம்பிரதாயம். பொம்மைக்கு அவ்வளவு ஆடம்பரம் எதற்கு? பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியே போதும். படகுக்குக் காயம் படுமுன்பே கட்டுப் போடுகிறோம், அவ்வளவுதான். ஆனால் கோராத் துணி கூடாது, வெளுத்ததே வேண்டும்; ஏனெனில் பஞ்சிலும் இயற்கை மெழுகு உண்டு, வெளுப்பில் அது போன பிறகே துணி பிசினை உறிஞ்சும். வெள்ளைத் துணி பிசின் பட்டதும் கண்ணெதிரே மறைந்து, அடியிலுள்ள மரத்தின் ரேகைகள் துலங்கும் காட்சி பார்க்கத்தக்கது. ஸ்ரீவில்லிபுத்தூர் எந்த மெழுகினால் பெருமை கொள்கிறதோ, அதே மெழுகைத் தொலைத்த பிறகே ராஜபாளையத்தின் சரக்கு உபயோகப்படுகிறது என்னும் இவ்விரோதம், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளிக்குள் நிலவுவது பண்டிதர்களின் கவனத்துக்குரியது.

காலநிர்ணயம் முக்கியம். சித்திரை வெயிலில் எபாக்சியையும் கெட்டியாக்கும் திரவத்தையும் ஒரே கிண்ணத்தில் நிறையக் கலந்துவைத்தால், அது தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்து, தூரிகையையும் பிடித்துக்கொண்டு கல்லாகிவிடும். காலையில் பூசினாலோ, வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சில் அம்மைக் கொப்புளம்போல் எழும்பும். பொழுது சாயும்போது, மரம் குளிர்ந்துவரும் வேளையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பூசுவதே உத்தமம். மறுநாள் மேலே பிசுபிசுவென்று ஒரு படலம் நின்றால் தண்ணீர்விட்டுக் கழுவிய பின்னரே உப்புத்தாள் போடவேண்டும். கழுவாமல் தேய்த்தால் தாள்தான் அடைத்துக்கொள்ளும்.

வெளிப்புறத்தைக் கண்ணாடிபோல் மின்னச் செய்துவிட்டு உட்புறத்தை வெறும் மரமாக விட்டுவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஈரம் உள்வழியாக ஏறினால் படகு கோணிக்கொள்ளும், உள்ளேயும் ஒரு பூச்சுப் பூசுங்கள். அலமாரியில் வைக்கப்போகும் படகானால் இத்தனையும் வேண்டாம், இரண்டு கை வார்னிஷ் போதும்.