உள்ளூர்ப் புரவலர்

தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். சூப்பர் மார்க்கெட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அத்தனையும் கார்ப்பரேட் கொள்ளை சார்!" தெருமுனைக் கடை, கைத்தறி, செக்கெண்ணெய், சிற்றிதழ், குறும்படம் என்று எதெல்லாம் சிறியதோ அதெல்லாம் வாழவேண்டும் என்பது அவர் கொள்கை. வாழவைக்க அவரிடம் இருக்கும் ஒரே முதல், யோசனை. அதை யோசிக்காமல் கொடுப்பார்.

சிக்கனத்தில் மனிதர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும் என்று எங்கள் தெருவுக்கே பாடம் எடுத்தவர் அவர்தான். கணக்கெடுக்க ஆள் வருவதற்குள் மீட்டர் 480-ஐத் தொட்டுவிட்டதா, அவர் வீட்டு ஏசி விரதம் இருக்கும். குடும்பம் மொத்தமும் பக்கத்து வீட்டு ஹாலில் சீரியல் பார்க்கும். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி தொடங்கியதும் முதல் ஆளாகப் போய் நிற்பார். கேட்டு வாங்கும் தள்ளுபடி அல்ல அது, அறிவித்துக் கொடுப்பது. தாராளமாக வாங்கட்டும்.

தள்ளுபடி கொடுக்க அரசாங்கம் நிற்காத இடங்களில்தான் வம்பு.

கீரைக்கார ஆயாவிடம் ஒருநாள் முன்னேற்றத் திட்டம் ஒன்றை விரித்தார். "காலம் மாறிப்போச்சு ஆயா. வண்டியில ஒரு க்யூஆர் அட்டை மாட்டி வை. வியாபாரம் பிச்சுக்கும்."

"அது தொங்க ஆரம்பிச்சு ரெண்டு வருசமாச்சு சாமி. வாங்குறவங்க கண்ணுக்குத் தெரியும்" என்றாள் ஆயா.

யோசனைக்குக் கூலியாக ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கிள்ளிக்கொண்டு நடந்தார்.

ஜனவரி பிறந்தால் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியை இன்றுவரை தாங்கிப் பிடிப்பது தன்னைப் போன்ற வாசகர்கள்தான் என்று அவருக்கு ஓர் எண்ணம். எங்கள் தெருப் பையன் ஒருவன் கவிதைத் தொகுப்பு போட்டிருந்தான். விலை 200 ரூபாய். அரங்கிலேயே அவனைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, உங்களை மாதிரி ஆளுங்களை நாங்கதானே தூக்கிவிடணும்? ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் பத்து பர்சென்ட் கழிக்கிறாங்க. ஒரே தெருக்காரன், எனக்கு இருபதாவது கழிக்க வேண்டாமா?"

பையன் விரல் மடக்கினான். ராயல்டி வழக்கமாகப் பத்து சதவீதம், அதாவது 20 ரூபாய் (அது ஒழுங்காக வந்து சேர்வது வேறு கதை). எல்லாருக்கும் கழிப்பது போக இவர் கூடுதலாகக் கேட்பதும் அதே 20 ரூபாய். எழுதியவனுக்கு மிச்சம் கவிதை மட்டும். இருந்தும், முதல் புத்தகம் போட்டவனுக்கே உரிய அசட்டு தைரியத்தில் சரி என்றான்.

புரவலர் இதை எதிர்பார்க்கவில்லை. பேரம் படிந்துவிட்டால் வாங்கித் தொலைக்க வேண்டுமே! சட்டென்று புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து, பையன் தோளில் கை போட்டு, ஒரு செல்ஃபி எடுத்தார். புத்தகத்தை எடுத்த இடத்திலேயே பக்குவமாக வைத்தார். "வீட்டுல வைக்க இடமில்ல தம்பி. பிடிஎஃப் இருந்தா வாட்ஸப்ல தட்டிவிடுங்க, நாலு குரூப்புக்கு நானே அனுப்புறேன். உங்க பேரு எங்கேயோ போயிடும்." அன்று மாலை அவர் ஸ்டேட்டஸில் அந்தப் படம் ஏறியது: 'உள்ளூர்ப் படைப்பாளிகளை ஆதரிப்போம்!' வெளியே வந்து மிளகாய் பஜ்ஜி ஒரு பிளேட் வாங்கினார். அங்கே பேரமே பேசவில்லை.

அவரை மடக்கியவர் செக்குக்காரர் ஒருவர்தான். "கடலெண்ணெய் என்னப்பா இந்த விலை?" என்று இவர் ஆரம்பித்ததும் அவர் பொறுமையாகக் கணக்குச் சொன்னார். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ கடலைப்பருப்பு போகிறது. அதற்குமேல் கரண்டு, ஆள்கூலி, வாடகை. கையில் தங்குவது புண்ணாக்கு.

"அப்ப அந்தப் புண்ணாக்குல ரெண்டு கிலோ கொடு. மாடியில ரோஜாச்செடி வாடிக் கிடக்கு."

செக்குக்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். அந்த உற்சாகத்தில் பாட்டிலுக்கு லேபிள் எப்படி ஒட்டுவது, கடைக்கு என்ன பெயர் வைப்பது, இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் எப்படிப் போடுவது என்று இவர் அரைமணி நேரம் பொழிந்தார். பொழிந்து முடித்து, நோட்டுகளை நீட்டி எண்ணெயை வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறைக்குக் கை நீட்டினார்.

"சார், எண்ணெயை வெயில் படாத இடத்துல வைங்க. அடியில கசடு தங்குனா நல்லதுதான், பயப்படாதீங்க" என்றார் செக்குக்காரர்.

"சரிப்பா. மீதி இருபது ரூபா?"

"அதுக்குத்தானே சார் யோசனை சொன்னேன்."

புரவலர் ஒரு நிமிஷம் அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு பையிலிருந்து போனை எடுத்து, தன்னுடைய க்யூஆரைத் திறந்து நீட்டினார்.