களைக்கும் ஒரு வாய்தா

களையை உடனே பிடுங்காமல் அறுவடை வரை விட்டுவைக்கச் சொன்னாரே இயேசு! கடவுளின் நீதிமன்றத்திலும் வாய்தாவா?

களையோடு கோதுமையும் பிடுங்கப்பட்டால் யாரிடம் போய் அப்பீல் செய்வீர்கள்? மத்தேயு 13-ல் இயேசு சொன்ன கதையில் வயலின் எஜமான் பொறுத்தது கோதுமைக்காக. பாலஸ்தீன வயல்களில் முளைக்கும் ஒரு களை, கதிர் விடும்வரை கோதுமை போலவே இருக்கும். வேர்களும் பின்னிக் கிடக்கும். தீர்ப்பு உண்டு, நெருப்பும் உண்டு. ஆனால் அந்தக் கதையில் அறுப்பவர்கள் தேவதூதர்கள்.

மனிதருக்குச் சொன்ன அறுவடை விதி லேவியராகமம் 19-ல் இருக்கிறது: வயலோரத்தை முழுக்க அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடு. அப்படி விட்ட கதிரைப் பெத்லகேம் வயலில் பொறுக்கிப் பிழைத்தவள்தான் மோவாபிலிருந்து வந்த விதவை ரூத். தாவீது அரசருக்கு அவள் கொள்ளுப்பாட்டி.