பாட்டனாரின் பொன் கடிகாரம்

கேள்வி: பாட்டனார் விட்டுச்சென்ற பழைய சுவிஸ் தங்கக் கைக்கடிகாரத்தின் மதிப்பை எவ்வாறு அறிவது?

பதில்: இயந்திரத்தைக் கழித்து எடைக்கு விலை கூறும் நகைக்கடையில் உம் பாட்டனாரை உருக்கக் கொடுத்துவிடாமல், கைதேர்ந்த கடிகாரக்காரரிடம் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, பூதக்கண்ணாடியால் முத்திரையைப் பரிசோதியும்: ஹெல்வேஷியா என்னும் மாதின் சிரம் காணப்பட்டால் 18 காரட், அதாவது ஆயிரத்தில் 750 பங்கு சுத்த சுவர்ணம், அணில் காணப்பட்டால் 14 காரட், 'ரோல்டு கோல்டு' என்றிருந்தாலோ, சில பிரமுகர்களைப் போல, மேனி மட்டுமே தங்கம். எனினும், தங்கத்தைக் காட்டிலும் விலையை நிர்ணயிப்பவை தயாரித்தவரின் கீர்த்தியும், இயந்திரத்தின் தரமும், கைபடாத மூல முகப்புமே ஆதலால், மெருகிடவோ முகப்புக்குப் புது வர்ணம் பூசவோ எவர் வற்புறுத்தினாலும் சம்மதியாதீர். பழைய ரசீது அகப்பட்டால் அதையும் பத்திரப்படுத்தும். விற்ற பின்னரும் மணி பார்க்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளும்.