தெப்பம் விடு படலம்: கரையோர அறிஞர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

மதுரை, சிவகங்கைப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கண்மாய் பெருகிக் கலுங்கில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டால் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். யாராவது நாலு பேர் வாழைமரத்தை வெட்டி வந்து தெப்பம் கட்டுவார்கள். கட்டாத மீதி ஊர் முழுக்கக் கரையில் கூடி, அதை எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும்.

முதல் தரப்பைப் பற்றி ஆய்வுகள் உண்டு. மதராஸ் மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் விரிவாக எழுதினார். 1946இல் உலகின் ஓடம், தெப்பம், பரிசல் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிய நூலே கொண்டுவந்தார். ஆனால் கரையில் நின்று கை நீட்டுகிறவர்களுக்கு அவர் ஓர் அத்தியாயம் ஒதுக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை.

நமது கருதுகோள் எளியது: படகு பற்றிய ஒருவரின் அறிவு, அவர் தண்ணீரை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறாரோ அவ்வளவுக்குப் பெருகும்.

2. கலன்களின் வகைப்பாடு

(அ) வாழைமரத் தெப்பம். குலை வெட்டிய மரத்தைத் தோட்டக்காரரிடம் கேட்டால் கொடுத்துவிடுவார், கேட்காமலும் எடுப்பதுண்டு. ஐந்தாறு மரங்களை அடியும் நுனியும் மாற்றி மாற்றிப் போட்டு, கூராகச் சீவிய மூங்கில் குச்சிகளைக் குறுக்கே அடித்து இறக்கி, இரு முனையிலும் கயிற்றால் இறுக்கினால் கலன் தயார். வாழைமரத்தின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அப்புறம் எப்படி மிதக்கிறது? மட்டையைக் குறுக்கே நறுக்கிப் பார்த்தால் விடை தெரியும்: கட்டம் கட்டமாக அறைகள், அறைக்குள் காற்று. ஆள் ஏறியதும் தெப்பம் கொஞ்சம் அமுங்கும். இடுக்கு வழியாகத் தண்ணீர் மேலே வந்து உட்கார்ந்த இடத்தை நனைக்கும். புதியவர் இதை மூழ்குவதாக எண்ணி அலறுவார். உண்மையில், தன் எடைக்கும் அவர் எடைக்கும் சமமான தண்ணீரைத் தள்ளிவிட்டு, ஆர்க்கிமிடீஸ் சொன்ன இடத்தில் தெப்பம் சரியாக நிற்கிறது. வாழைக்கறை வெட்டும்போது கண்ணுக்கே தெரியாது. மறுநாள் சட்டையில் பழுப்பாக எழுந்து நிற்கும், எந்தச் சோப்புக்கும் மசியாது. வீட்டு விசாரணைகளில் இதுவே முதல் தடயம்.

(ஆ) லாரி டியூப். உள்ளே சுமார் நூறு லிட்டர் காற்று இருப்பதால் நடுத்தர உடம்புக்காரர் ஒருவரைத் தாராளமாகத் தாங்கும். எப்படித் திரும்பி உட்கார்ந்தாலும் வால்வு முதுகில்தான் குத்தும். இதற்கு இயற்பியலில் விளக்கம் இல்லை.

(இ) தெர்மாகோல். ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், ஐந்து சென்டிமீட்டர் கனம் உள்ள அட்டை 25 லிட்டர் தண்ணீரை விலக்கும்; அதன் சொந்த எடை அரைக் கிலோவைத் தொட்டால் அதிகம். 60 கிலோ ஆளுக்குக் கணக்குப்படி மூன்று அட்டை போதும். குறை என்னவென்றால், இது துடுப்பின் பேச்சைவிடக் காற்றின் பேச்சைத்தான் கேட்கும். 2017 ஏப்ரலில் வைகை அணை நீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார்கள். காற்று அவற்றைத் திருப்பிக் கரைக்கே கொண்டுவந்து சேர்த்தது. நாடு சிரித்தது. தெப்பவியலார் சிரிக்கவில்லை; லேசான கலனில் ஏறுகிறவர் எங்கே போய்ச் சேர்வார் என்பதற்கு இவ்வளவு பெரிய சோதனையை வேறு யார் நடத்திக் காட்டுவார்?

துடுப்பு மூன்றுக்கும் பொது: தென்னமட்டை. அதே மட்டைதான் கோடையில் கிரிக்கெட்டுக்கும். ஆகவே அதைக் கையில் எடுத்தவுடன் தண்ணீரை ஓங்கி அடிக்கத் தோன்றுவது இயல்பு. அடித்தால் தண்ணீர் தெறிக்கும், தெப்பம் நகராது.

3. இயக்க விதிகள்

முதல் விதி (சுழற்சி): வலப்பக்கம் துடுப்புப் போட்டால் தெப்பம் இடப்பக்கம் திரும்பும். அதைச் சரிசெய்ய இடப்பக்கம் போட்டால் வலப்பக்கம் திரும்பும். நீளமான படகு திரும்புவதற்குத் தண்ணீரே முட்டுக்கட்டை போடும். நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் தெப்பத்துக்கு அந்தத் தடை குறைவு. ஓகேனக்கல் பரிசல்காரர்கள் இதற்கு வழி கண்டுவைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் தள்ளாமல், போக வேண்டிய திசையில் துடுப்பை முன்னால் ஊன்றித் தண்ணீரைத் தம் பக்கம் இழுப்பார்கள். பரிசல் துடுப்பின் பின்னாலேயே வரும். அவர்களே ஆற்று நடுவில் பரிசலை வேண்டுமென்றே சுற்றியும் காட்டுவார்கள். சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்து அனுபவிக்கும் அந்த வித்தை புதியவருக்கு முதல் நாளே தானாக வந்துவிடுகிறது.

இரண்டாம் விதி (நிமிர்வு): உட்கார்ந்திருக்கும் வரை தெப்பம் நண்பன், எழுந்து நின்றால் பங்காளி. நின்றதும் எடையின் மையம் மேலேறுவதே காரணம். மிதக்கும் பொருள் எப்போது நிமிர்ந்து நிற்கும், எப்போது கவிழும் என்ற கணக்கைத் தெளிவாக எழுதி 1746இல் நூலாக்கியவர் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே. அப்போதைய பெருவுக்குப் பூமியின் வடிவத்தை அளக்கப் போன குழுவில் இருந்தவர் அவர். கப்பல் பற்றிய இந்த நூலை அவர் எழுதியது ஆண்டீஸ் மலைப் பகுதியில் இருந்த அந்த ஆண்டுகளில்தான். நமது கருதுகோளுக்கு இதைவிட உயரமான சான்று கிடைப்பது அரிது.

மூன்றாம் விதி (கரையிறங்கல்): ஒரு காலைக் கரையில் வைத்து மறுகாலால் தெப்பத்தை உந்தினால் தெப்பம் பின்னால் போகும். நியூட்டன் 1687இலேயே இதை எழுதிவைத்துவிட்டார். ஆனால் இரண்டு கால்களுக்கும் நடுவே தண்ணீர் அகன்றுகொண்டே போகும் அந்த நேரத்தில் எந்தக் காலை நம்புவது என்று அவர் சொல்லவில்லை. அனுபவஸ்தர்கள் கரையில் ஒருவரைத் தெப்பத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்குவார்கள்.

4. கரையோர அறிஞர்கள்

இயக்குநர். “மாப்ள, அங்கிட்டுப் போடாத, இங்கிட்டுப் போடு!” என்பவர். அவர் தெப்பக்காரரைப் பார்த்து நிற்கிறார். தெப்பக்காரர் அவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ஆகவே ஒருவரின் இங்கிட்டு மற்றவரின் அங்கிட்டு. நடுவில் தெப்பமும் சுற்றுவதால் சுற்றுக்கு ஒருமுறை யோசனை தானாகவே சரியாகிவிடும். அந்த நேரத்தை மட்டும் நினைவில் வைத்து, “நான் சொன்னபடி செஞ்சான், நேராப் போச்சு” என்பார்.

வரலாற்றாசிரியர். “எங்க காலத்துல இந்தக் கண்மாய ஒரே மூச்சுல தாண்டுவோம்டா” என்று தொடங்குவார். அவர் சொல்லச் சொல்லக் கண்மாய் அகன்றுகொண்டே போகும்.

தீர்க்கதரிசி. தெப்பம் கவிழ்ந்த பிறகே வாய் திறப்பார்: “நான் அப்பவே சொன்னேன்ல?” அப்போது அவர் டீ குடித்துக்கொண்டிருந்ததற்குச் சாட்சிகள் உண்டு.

இந்த இனத்துக்கு நாடு, மொழி என்ற எல்லை கிடையாது. 1947இல் பசிபிக்கைத் தெப்பத்தில் கடக்கக் கிளம்பிய நார்வேக்காரர் தோர் ஹெயர்டால் ஒன்பது பால்சா மரங்களைச் சணல் கயிற்றால் பிணைத்து, ‘கான்டிகி’ என்று பெயரிட்டுப் பெருவின் கையாவோ துறைமுகத்தில் நிறுத்தினார். கயிறு தேய்ந்து அறுந்துவிடும், மரம் ஊறி அமுங்கிவிடும் என்று அங்கும் கரையில் தீர்க்கதரிசனங்கள் பொழிந்தன. மரம் மென்மையானது, கயிறு அதற்குள் பதிந்து பத்திரமாக உட்கார்ந்துகொண்டது. 101 நாள் கடலில் மிதந்த பிறகு, அதில் போன ஆறு பேரும் ராரோயா என்ற பவளத்தீவில் மோதி உயிரோடு இறங்கினார்கள். மர இடுக்குகளில் செருகிய பலகைகளை ஏற்றி இறக்கினாலே தெப்பத்தைத் திருப்பலாம் என்பதைக்கூட அவர்கள் நடுக்கடலில்தான் தெரிந்துகொண்டார்கள்.

நான்காவதாக ஓர் அரிய வகை உண்டு: மௌனி. பெரும்பாலும் ஆடு மேய்க்கும் பெரியவர். எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்: “உக்காந்து, முன்னால இழுத்துப் போடுப்பா.” முதலிரண்டு விதிகளும் அதில் அடக்கம். சொல்லிவிட்டு ஆட்டைத் தேடிப் போய்விடுவார்.

5. எதிர்ச்சான்றுகள்

கருதுகோளுக்கு எதிரான சான்றை மறைப்பது ஆய்வறம் அன்று. திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் மைய மண்டபத்தைச் சுற்றி வலம் வருகிறார்கள். தெப்பம் சுழல்வதில்லை, கவிழ்வதில்லை, யாரும் அங்கிட்டு இங்கிட்டு என்று கத்துவதும் இல்லை. காரணம் எளியது: அங்கே கரையில் நிற்பவர்கள் கையில் வடம் இருக்கிறது. 2021 அக்டோபர் வெள்ளத்தில் ஆலப்புழை மாவட்டம் தலவடியில் மணமக்கள் இருவர் சமையல் அண்டாவில் உட்கார்ந்து கோயிலுக்குப் போய்த் தாலி கட்டிக்கொண்டார்கள். அண்டா பரிசலைவிட வட்டமானது. முதல் விதிப்படி முகூர்த்த நேரம் முழுக்கச் சுற்றியிருக்க வேண்டும். சுற்றவில்லை; உடன் வந்தவர்கள் தண்ணீரில் இறங்கி விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

எனவே கருதுகோளில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது: அறிவு பெருகக் காரணம் தூரம் அல்ல, வெறுங்கை.

6. பரிந்துரைகள்

முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டக் கூடாது. நீச்சல் தெரிந்த ஒருவர் பக்கத்தில், காற்றடித்த டியூபோடு, தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும். மடைப் பக்கமும் கலுங்குப் பக்கமும் ஆகவே ஆகாது. அங்கே இழுவை அதிகம், விதிகளுக்கு வேலை இல்லை. பழைய சட்டை போதும். தெப்பத்தின் ஒரு முனையில் நீளமான தேங்காய்க் கயிறு கட்டி, அதன் மறுமுனையைக் கரையில் யார் அதிகம் பேசுகிறாரோ அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.