ஹார்ட் டிஸ்க் பிரிவுகளும் கடல்கோளும்: ஓர் ஆராய்ச்சி

வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் ஒன்றாகவே இருப்பினும், அது சி, டி, இ எனப் பல பார்ட்டிஷன்களாகப் பிரிந்து நிற்பதன் தத்துவத்தையும், அவற்றுக்குப் பெயர் சூட்டும் மரபையும் நம் புலவர் பெருமக்கள் இதுகாறும் ஆராயாது விட்டனர். அக்குறையை நீக்க தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தை அடுத்து வாழும் ஒருவனே தக்கவன் என்பதற்குப் பிரமாணம், கடல்கொண்டவற்றைப் பற்றி விஸ்தாரமாகப் பேசக் கடற்கரைக்காரனுக்குள்ள பிறப்புரிமையேயாம்.

முதற்கண் எழும் ஐயம், வரிசை சி-யில் தொடங்குவானேன் என்பது. 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் ஏ, பி என்னும் எழுத்துகளை ஃபிளாப்பி டிரைவ்கள் இரண்டும் பிடித்துக்கொண்டமையால், 1983-இல் எக்ஸ்.டி.யோடு வந்த பத்து மெகாபைட் டிஸ்க்குக்கு மூன்றாம் எழுத்தே எஞ்சியது என்பர் பொறியாளர். அது மெய்தான், ஆயினும் மெய்யாயிருத்தல் ஒன்றே ஓர் ஆராய்ச்சிக்குப் போதுமானதன்று. இறையனார் களவியல் உரையை நோக்குக. தலைச்சங்கமும் இடைச்சங்கமும் கடல்கோளாற் போயின, கடைச்சங்கமே எஞ்சியது. மூன்றும் முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் நிலவின என்கிறது அவ்வுரை. ஃபிளாப்பியோ ஐந்தேகால் அங்குலமாயிருந்து மூன்றரை அங்குலமாயிற்று. இரண்டும் சுருங்கிக்கொண்டே வருதலின் ஒற்றுமை நிறுவப்பட்டது.

அங்ஙனமாயின் இடைச்சங்கம் இருந்த கபாடபுரம் எந்த டிரைவில் இருந்தது என வினவுவார்க்கு விடை ஓர் ஏட்டில் உளது. அதன் இடப்புறம் கரையானாலும் வலப்புறம் வேறோர் ஆராய்ச்சியாளராலும் அரிக்கப்பட்டமையின், நடுவே 'ப' என்னும் ஓரெழுத்தே கிடைக்கிறது. அது பி டிரைவின் சிதைவு என்பர் ஒரு சாரார். கடல்கொண்ட பஃறுளியாற்றின் முதலெழுத்து என்பர் மறுசாரார் (மேற்படி ஏடு, காணாமற்போன பக்கம், ஏழாம் அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு). மூன்றாமவர் ஒருவர் அஃது ஏடே அன்று, சலவைக் கணக்கு என்றார். அதன்பின் அவர் எந்தக் கருத்தரங்குக்கும் அழைக்கப்பட்டிலர்.

டி டிரைவ்: சினிமா.

இ டிரைவ் 'நியூ வால்யூம்' எனப்படும். பத்தாண்டு கழியினும் நியூ நியூவே.

லினக்ஸார் பிரிவுகளை 32 இலக்கங்கள் கொண்ட அடையாளக் குறியால் அறிவர். வாயால் சொல்ல இயலாததாகலின் அதில் ஐயத்துக்கு இடமில்லை.

இனிப் பெயர்ப்பட்டி. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். 32 குறிகள் வரை ஏற்குமாதலின் 'தூத்துக்குடி உப்பளக் கணக்கு' என்பது தாராளமாக அமரும். லினக்ஸின் இ.எக்ஸ்.டி.4 தருவதோ 16 பைட் மட்டுமே. தமிழில் உயிரும் மெய்யும் கொம்பும் புள்ளியும் தனித்தனியே மூன்று பைட் உண்ணும். 'உப்பு' பதினைந்து, அமரும். 'தோணி' பன்னிரண்டு, அமரும். 'வ.உ.சி.' புள்ளிகள் உட்படப் பதினைந்து, அமரும். 'சங்கு' பதினைந்து. 'முத்து' மட்டும் பதினெட்டாகி, 'முத்த' என வெட்டுண்டு, எஞ்சிய ஒரு பைட் அநாதையாய்த் தொங்குகிறது.

இதனாற் பெறப்படுவது யாது? தூத்துக்குடியில் சங்கு குளித்தல் இன்றும் நடைபெறுகிறது. முத்துக்குளிப்போ 1961-உடன் நின்றது. சிப்பிப் பார்கள் வறண்டமையே காரணம் என்று மீன்வளத்தார் சொல்லுவது மேலோட்டமான பார்வை. பெயர்ப்பட்டியில் இடமில்லாத பொருள் கடலில் எங்ஙனம் விளையும்? இ.எக்ஸ்.டி.4 லினக்ஸில் நிலைபெற்றது 2008-இல் அன்றோ, காரணத்துக்கு 47 ஆண்டு முன்பே காரியம் நிகழுமோ எனின், நிகழும். தொல்காப்பியர் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னும் நகர்த்தி வைத்த கைகளுக்கு இந்த 47 ஒரு பொருட்டன்று.