பிளேன்டீயுள் வீழ்வன: நாயாற்று வாடியில் ஓர் இனங்காண் ஆய்வு

பறக்கும் பூச்சியை உருவத்தைக் கொண்டே இனங்காணலாம் என்பது நூலோர் துணிபு. பூச்சியைக் கேட்டு எழுதிய துணிபாகத் தெரியவில்லை. இந்த ஐயம் நீங்கும்பொருட்டு, முல்லைத்தீவு–கொக்கிளாய் வீதியில், நாயாற்றுக் களப்புக்கு அருகே மீன் வாடியொன்றில் இவ்வாய்வு நிகழ்த்தப்பெற்றது. ஆய்வுக்கருவி: ஒரு கிளாஸ் பிளேன்டீ, சீனி கூட. ஆய்வுக்காலம்: அது ஆறும்வரை.

முன்னோர் கருத்தை முதலில் தொட்டுவிடுவோம். தொல்காப்பிய மரபியல் தும்பியை நண்டோடு சேர்த்து நாலறிவுயிர் என்றது. (அங்கே தும்பி என்பது வண்டு; களப்புக்கு மேலே பறக்கும் நம்மூர்த் தும்பி வேறு.) 1758இல் லின்னேயசு சிறகைப் பார்த்து வகுத்தார். ஈயினத்துக்கு இரண்டே சிறகு. பின்சிறகுகள் குண்டூசித் தலைபோலச் சுருங்கி, பறக்கும்போது நிதானம் தவறாமல் காக்கின்றன. இதைக் கண்ணால் கண்டுவிட முயன்றதில் முதற் கிளாஸ் உடைந்தது.

அடுத்தது சொற்சிக்கல். கூட வந்த தமிழ்நாட்டு நண்பர் கையில் அறைந்துகொண்டு “கொசு!” என்றார். வாடிக்கார அக்கா வாழைப்பழச் சீப்பைத் திரும்பிப் பார்த்தார். இங்கே கொசு பழத்தை மொய்க்கும், கடிப்பது நுளம்பு.

அந்த நுளம்பிலும் வகையுண்டு. உடலைச் சாய்த்து, வால்பக்கம் தூக்கிக் குந்தினால் அனோபிலிஸ், ஒருகாலத்தில் வன்னியையே மலேரியாவால் நடுங்கவைத்த சாதி. உள்நாட்டு மலேரியா 2012 ஒக்டோபரோடு ஓய்ந்து, 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றும் தந்தது. சான்று மலேரியாவுக்குத்தான், நுளம்புக்கு அல்ல. ஒன்று முழங்கையில் வந்து குந்தியது. சாய்வை அளக்க வலக்கை பாகைமானியைத் தேடுகையில் இடக்கை தன் வேலையை முடித்துவிட்டது. தட்டையான நுளம்புக்குச் சாய்வு கிடையாது.

ஈசலையும் சிறகு முளைத்த எறும்பையும் பிரிப்பது சுலபம் என்பார்கள். ஈசலுக்கு நாலு சிறகும் ஒரே நீளம், இடுப்பே இல்லை. எறும்புக்கு முன்சிறகு நீளம், இடுப்பு ஒடுங்கியது. முன்னொரு மழைவிட்ட இரவில் லாம்படியில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினோம். எண்ணி முடிக்குமுன் ஈசல் சிறகைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்து போனது.

இனி இலையான். வாடியில் ஆராயத்தக்க பெருங்குடி அதுவே. நெத்தலி காயும் பாயோரம் இரண்டு சாதி கண்டோம். ஒன்று சாம்பல் நிறம், முதுகில் நாலு கருங்கோடு. மற்றது பச்சையாய் மினுங்கும், செங்கண். கோட்டை எண்ணக் குனிந்தால் பாய் முழுதும் எழும்பும், நிமிர்ந்தால் குந்தும். பதினைந்தாவது குனிவில் அக்கா பொறுமையிழந்தார்.

“தம்பி, நிறத்தை என்னத்துக்குப் பாக்கிறியள்? குந்தின இடத்தைப் பாருங்கோ. குடலில குந்தினா பச்சை. சீனியில குந்தினா மற்றது.”

உருவவழி இனங்காணலின் அடித்தளத்தையே அசைக்கும் இக்கூற்று அடிக்குறிப்புக்குத் தள்ளப்பட்டது. அடிக்குறிப்பு பின்னர் தொலைந்தது.

இறுதியில் ஓர் உயிரி தானாகவே கிளாஸில் விழுந்து அசையாமல் மிதந்தது. சிறகு இரண்டு. சாம்பல் நிறம். ஒரு கோடு, இரண்டு, மூன்று… நாலாவதை எட்டுமுன் அக்காவின் சுண்டுவிரல் உள்ளே வந்து மாதிரியைக் கோதி வெளியே எறிந்தது.

“இலையான்தானே. வேற ஊத்தவோ, இதையே குடிக்கிறியளோ?”